மழை வந்தால் தாகம்

மாமனார்: மாப்பிள்ளை, காபி குடிச்சிட்டீங்களா?

மருமகன்: இப்பதான் மாமா.

மாமனார்: அடடா. வெறும் வயித்துல ரத்தம் கொடுக்கணுமே. சரி, நாளைக்குப் போவோம்.

மருமகன்: ரத்தமா? யாருக்கு?

மாமனார்: லேபுக்கு. நேத்து ராத்திரி படம் பார்க்கறப்போ நாலு தடவை எழுந்து தண்ணி குடிக்கப் போனீங்க. 18 வருஷமா சர்க்கரையோட குடித்தனம் நடத்துறவன் நான். எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஓயாத தாகம், அடிக்கடி எழுந்து போறது.

மருமகன்: அதெல்லாம் இல்லை மாமா. முறுக்குல கொஞ்சம் உப்பு தூக்கல், அதான்...

(சமையலறையில் வாணலிச் சத்தம் சட்டென்று நின்றது.)

மருமகன்: உப்பு சரியாத்தான் இருந்தது! வெயில் மாமா, வெயில்.

மாமனார்: ராத்திரி ஒன்பதே முக்காலுக்கா?

(சட்டைப்பையிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுக்கிறார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. கருவூலத்தில் 31 வருஷம் கணக்குப் பார்த்த கை சும்மா இருக்குமா?)

மாமனார்: முதல் தடவை 9.45. அந்தப் பையனும் பொண்ணும் மாடிப்படியில நின்னாங்க. இரண்டாவது 10.05, மழை. மூணாவது 10.20, திரும்பவும் மழை. படத்துல மழை பெய்தா உங்களுக்குத் தொண்டை காயுது. இதை எந்த டாக்டர்கிட்ட காட்டறதுன்னுதான் யோசிக்கிறேன்.

மருமகன்: தற்செயலா இருக்கும் மாமா.

மாமனார்: இருக்கலாம். ஆனா நாலாவது தடவை ரிமோட்டையும் எடுத்துக்கிட்டுப் போனீங்களே. தண்ணி குடிக்க ரிமோட் எதுக்கு?

மருமகன்: ஓட்டிவிடலாம்னு அழுத்தினேன். நெட் ஸ்லோ.

மாமனார்: அப்படியே நின்னுபோச்சு. ரெண்டு பேரும் மூக்கும் மூக்கும் ஒட்டிக்கிட்டு நிக்கறாங்க. நடுவுல வட்டம் வேற சுத்துது. நானும் உங்க மாமியாரும் என் தங்கச்சியும் அந்த வட்டத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். பேசாம விட்டிருந்தா நாலு நொடியில முடிஞ்சிருக்கும். உங்க புண்ணியத்துல நாலு நிமிஷம். என் தங்கச்சி பாவம், மின்விசிறியில எத்தனை இறக்கைன்னு ரெண்டு தடவை எண்ணிட்டா.

மருமகன்: பெரியவங்க கூட உட்கார்ந்து எப்படி மாமா... 16 ப்ளஸ்னு போட்டிருந்தான். நான்தான் கவனிக்கலை.

மாமனார்: நான் கவனிச்சேன். 7 ப்ளஸ், 13 ப்ளஸ், 16 ப்ளஸ். ஓடிடிக்கு 2021-லேயே விதி வந்தாச்சு, தியேட்டர் படத்துக்கும் 2024-ல அதே மாதிரி பிரிச்சாச்சு. எனக்கு 71. உங்க மாமியாருக்கு 64. தங்கச்சிக்கு 67. கூட்டினா 202. இன்னும் எவ்வளவு வேணும்?

மருமகன்: வயசு இல்லை மாமா, ஒரு கூச்சம்.

மாமனார்: அந்த வில்லன் ஒருத்தன் தலையைச் சீவினானே, அது உருண்டு வந்து கேமரா முன்னாடி நின்னுதே, அப்போ நீங்க முறுக்கைக் கடக்குன்னு கடிச்சீங்க. அப்போ தாகம் எடுக்கலை. ஒருத்தன் சிகரெட் பத்தவெச்சா கீழ 'உடல்நலத்துக்குக் கேடு'ன்னு எழுத்து வருது. தலையைச் சீவினா ஒரு எழுத்தும் காணோம். கழுத்துக்கு நல்லது போல.

மருமகன்: அது ஆக்‌ஷன் மாமா.

மாமனார்: அப்போ இது?

மருமகன்: இது... குடும்பத்தோட பார்க்கற மாதிரி...

மாமனார்: குடும்பம்னாலே அதுதானே மாப்பிள்ளை. வெட்டறதா குடும்பம்?

(மருமகனிடம் பதில் இல்லை. பக்கத்துச் சொம்பை எடுத்து மடமடவென்று குடிக்கிறார்.)

மாமனார்: பார்த்தீங்களா, பார்த்தீங்களா. மழையே இல்லாம!

மருமகன்: எனக்குச் சர்க்கரை இல்லை மாமா!

மாமனார்: நானும் முதல்ல அப்படித்தான் சொன்னேன். எதுக்கும் மூணு மாச சராசரி பார்க்கற டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுவோம். 5.7-க்குக் கீழே இருந்தா பயமில்லை. எங்க காலத்துல ரெண்டு ரோஜாப்பூ முட்டிக்கும். கொட்டகை முழுக்க விஷயம் புரிஞ்சுது. ஒருத்தனும் தண்ணிக்கு எழுந்து போகலை.

மருமகன்: அவ்வளவு பக்குவமா?

மாமனார்: எழுந்தா இடம் போயிடும்.

(சமையலறையிலிருந்து ஒரு குரல்: "உப்பு தூக்கல்னு சொன்னது யாரு?")

மருமகன்: நான் குளிச்சிட்டு வரேன் மாமா.

மாமனார்: வாங்க வாங்க. மீதிப் படத்தை இன்னிக்கு ராத்திரி முடிச்சுடுவோம். நீங்க எழுந்திருக்கவே வேண்டாம், கூஜாவுல தண்ணி பிடிச்சு உங்க நாற்காலிக்குப் பக்கத்துலேயே வெச்சுடறேன். ரிமோட் என்கிட்ட இருக்கட்டும்.