எங்கே உட்காருவது?

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஆலய வாசலில் நிற்பது என் முறை. பாட்டுப் புத்தகத்தையும் அன்றைய ஆராதனைத் தாளையும் கையில் கொடுத்து, வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும். இங்கிலாந்தில் இதைச் செய்கிறவருக்கு 'சைட்ஸ்பர்சன்' என்று பெயர். ஆராதனை நேரத்தில் ஒழுங்கு காக்க ஆலய நிர்வாகிகளுக்கு உதவுவது இவர்கள் கடமை என்று இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. எனக்கு முதலில் இடம், அப்புறம்தான் சிரிப்பு.

போன மாதம் எங்கள் சபைக் கமிட்டியில் இதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். புதிதாக வருகிறவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்குமேல் நிற்பதில்லை, என்ன செய்யலாம் என்று கேள்வி. வாசலில் பெரிய பேனர் கட்டலாம் என்றார் ஒருவர். ஆராதனை முடிந்ததும் நல்ல காபி கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். (காபிக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு. இப்போது கொடுப்பதற்குக் காபி என்று பெயர் வைத்ததே தப்பு.) உள்ளே நுழைந்த மனிதரின் முதல் ஐந்து நிமிடம் எப்படிப் போகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு என்னுடைய ஐந்து நிமிடம் மறக்கவில்லை.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. எங்கள் தாத்தா பாட்டி ஆங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது அவர்களும் சி.எஸ்.ஐ. ஆனார்கள். அதனால் இங்கிலாந்துக்கு வந்ததும் ஏதோ தாய்வீட்டுக்குப் போவது போலத்தான் முதல் ஞாயிறு கிளம்பினேன். நவம்பர் மாதம். கல் பாவிய முகப்பில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். சுற்றிப் பார்த்தால் வேறு ஒரு ஜோடிகூட இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் எது என்று தேடினேன். அப்படி ஒரு பக்கமே இல்லை. சரி என்று காலியாக இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் ஒரு பெரியவர் வந்து, மிக மரியாதையாக, தானும் மனைவியும் வழக்கமாக அங்கேதான் உட்காருவோம் என்றார். எழுந்து பின்னால் போனேன். முடிந்து வெளியே வரும்போது நான்கு பேர் கைகொடுத்து, அடுத்த வாரமும் வாருங்கள் என்றார்கள். போகவில்லை.

இப்போது போகிற ஆலயம் வேறு. அங்கே முதல் நாள் வாசலில் நின்ற அம்மாள் என்னிடம் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. தாளைக் கொடுத்து, கடகடவென்று சொன்னார்: எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். தடித்த எழுத்தில் இருப்பது நாம் எல்லோரும் சொல்வது. திருவிருந்தில் அப்பமும் ஒயினும் வாங்கப் பீடத்தருகே போகலாம். வாங்க விருப்பமில்லாவிட்டால் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டால் ஆசீர்வாதம் மட்டும் சொல்வார்கள். உட்கார்ந்தே இருந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். இங்கே நிஜ ஒயின், வேண்டாமென்றால் அப்பம் மட்டும் போதும். கழிவறை அந்தக் கதவுக்குப் பின்னால். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. புதிதாக வருகிறவரைத் தனியாக விட்டுவிடும் அளவுக்கு அவருக்கு விவரம் சொல்லிவிடுவதுதான் நல்ல உபசாரம் என்று அன்றைக்குப் புரிந்தது. அன்று அந்த அம்மாள் சொன்னதைத்தான் இன்றைக்கும் நான் வாசலில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருக்கை சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஏதாவது ஒரு பழைய ஆங்கிலேய ஆலயத்தில் சுவரைப் பார்க்க வேண்டும். 1818இல் தொடங்கிய ஆலயக் கட்டடச் சங்கம் ஒன்று பணம் கொடுத்த இடங்களில், இத்தனை இருக்கைகள் என்றென்றைக்கும் இலவசம் என்று பலகை தொங்கும். அப்படியானால் மற்றவை? வாடகைக்கு. குடும்பங்கள் பெஞ்சுக்குப் பணம் கட்டிக் கதவு போட்டுப் பூட்டி வைத்திருந்த காலம் அது. ஏழைகளுக்குப் பின்னாலோ நடைபாதையிலோ இடம். வாடகை ஒழிந்துவிட்டது. என்னை எழுப்பிய பெரியவர் ஒரு காசும் கட்டியிருக்க மாட்டார், ஆனால் பூட்டு மட்டும் அவரிடம் பத்திரமாக இருந்தது.

நம்மூர்க் கதை இதைவிட மோசம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், இந்தச் சாதி வேறுபாடு உறுதியாக, உடனடியாக, அறவே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். சபை கொந்தளித்தது. பலர் வெளியேறினார்கள். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்த மாற்றத்தை எதிர்த்தவர்களில் ஒருவர். இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். வெள்ளைக்காரன் ஒதுக்கினான் என்று இங்கே நாம் புலம்பும்போது நம் ஆலயங்களில் பாயை யார் எங்கே விரித்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒதுக்கியதும் உண்மைதான். 1948க்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களில் பலர் பிறந்ததிலிருந்தே ஆங்கிலிக்கன்கள். ஞாயிற்றுக்கிழமை உடுத்திக்கொண்டு பக்கத்து ஆலயத்துக்குப் போனவர்களிடம், வந்ததற்கு நன்றி, இனி வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிய ஆலயங்கள் இருந்தன. 2020 பிப்ரவரியில்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை இதற்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த மக்கள் எழுபது வருடம் காத்துக்கொண்டிருக்கவில்லை. தங்கள் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம் தொடங்கி, பிற்பாடு பெரிய பெந்தெகொஸ்தே சபைகளாக வளர்ந்துவிட்டார்கள்.

எங்கள் ஆலயம் 'இன்க்ளூசிவ் சர்ச்' என்ற வலைப்பின்னலில் சேர்ந்திருக்கிறது. 2003இல், ஒருபாலீர்ப்பாளரான ஜெஃப்ரி ஜான் என்ற குருவானவரை ரெடிங் பேராயராக அறிவித்துவிட்டு, எதிர்ப்புக்குப் பயந்து விலகச் செய்தார்கள். அந்த வருடம் பிறந்த இயக்கம் இது. இனம், பால், பாலீர்ப்பு, உடல்நலம், மனநலம், வசதி எதைக் கொண்டும் யாரையும் பிரிப்பதில்லை என்று சேர்கிற சபை அறிவிக்க வேண்டும். எனக்கு இதில் முழு உடன்பாடு. ஊரில் என் குடும்பத்தில் பலருக்கு இல்லை. அந்தச் சண்டையைத் தொலைபேசியில் மாதாமாதம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் போதகர் ஒரு பெண் என்பதே அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. "அங்க ஐயர் எப்படி?" என்று கேட்டார். எங்கள் பக்கம் போதகர் என்றால் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. ஐயரே அம்மாதான் என்றேன். "ஐயரம்மாவையா கேட்டேன், ஐயரைக் கேட்டேன்" என்றார். இங்கிலாந்தில் முதல் பெண் பேராயர் வந்தது 2015இல் என்றும், நம் சி.எஸ்.ஐ.யில் 2013லேயே புஷ்பா லலிதா பேராயர் ஆகிவிட்டார் என்றும் சொன்னதும் கொஞ்சம் பெருமையாகச் சமாதானமானார்.

ஆனால் வாசல் பலகையில் 'எல்லோரும் வருக' என்று எழுதியதற்கும் உள்ளே கிடைப்பதற்கும் இடைவெளி இருந்தால் அதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே ஒரே பாலினத் தம்பதிக்கு ஆலயத்தில் திருமணம் நடத்த முடியாது. 2013ஆம் ஆண்டுச் சட்டமே இங்கிலாந்துத் திருச்சபையை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து வழக்கமான ஆராதனைக்குள் அவர்களுக்காக ஜெபித்து ஆசீர்வதிக்கலாம், அவ்வளவே. ஆறு மாதம் பூ அலங்காரம் செய்து, நாற்காலி தூக்கிப் போட்டு, அதன் பிறகு இது தெரியவரும் ஒருவருடைய முகத்தை நான் பார்த்திருக்கிறேன். 'எல்லோரும் வருக' என்று எழுதியவர்கள் அந்தச் சங்கடத்தைத் தாங்களே ஏற்று, முதல் மாதத்திலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

சமாதானம் கூறுதல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் மிரள்வது அங்கேதான். அமைதியாக இருந்த கூட்டம் திடீரென்று எழுந்து திசைக்கொருவராகக் கைகுலுக்கும். எங்கள் ஆலயத்தில் வயதான இருவர் இந்த நவீனக் கூத்து எங்கிருந்து வந்தது என்று இன்னும் முணுமுணுப்பார்கள். அது எங்கள் ஊரிலிருந்து வந்தது என்று சொல்லும்போது எனக்கு அலாதி மகிழ்ச்சி. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழக்கத்தை ஒட்டி, 1950இல் சி.எஸ்.ஐ. வெளியிட்ட திருவிருந்து முறையில் கையோடு கை வைத்துச் சமாதானம் சொல்வது இடம்பெற்றது. பிற்பாடு உலகெங்கும் ஆங்கிலிக்கன் ஆராதனை முறைகளைத் திருத்தியவர்கள் அதைப் பார்த்துத்தான் பழகினார்கள். கைகொடுக்க விரும்பாதவர்களுக்குக் கைகூப்பினாலே போதும் என்று நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன்.

கமிட்டியில் நான் கேட்டது ஒன்றுதான். வந்து ஆறு மாதமான ஒருவரை வாசல் பட்டியலில் போடுங்கள். காபி ஊற்றவும் பாத்திரம் கழுவவும் அவர்களைக் கூப்பிட நமக்குத் தயக்கமில்லை. வேதபாடம் வாசிக்கவும் கமிட்டியில் ஓட்டுப் போடவும் கூப்பிடும்போதுதான், "இன்னும் கொஞ்சம் பழகட்டும்" என்கிறோம். எங்கள் ஊரில் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தில் நேற்றுக் கட்டிக்கொண்டு வந்த மருமகனுக்குக்கூட வாளியைக் கையில் கொடுத்துப் பரிமாறச் சொல்வார்கள். சோறு போடுகிறவனை யாரும் விருந்தாளி என்று சொல்ல முடியாது. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஏதோ வாளி, ஆட்டுக்கறி என்று உளறிவைத்தேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

கடந்த ஞாயிறு என் முறை இல்லை. கொஞ்சம் தாமதமாகப் போனேன். இடப்பக்கம், மூன்றாவது பெஞ்சு, ஹீட்டர் ஓரம். பதினோரு வருடமாக உட்காருகிற இடம். அங்கே கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி. முன்பின் பார்த்ததில்லை. என் கால் அவர்கள் பக்கத்திலேயே நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, எழுந்திருக்க வேண்டுமோ என்பது போலப் பையை எடுக்கப் போனாள். நான் அவசரமாகத் தலையாட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பீடம் தெரியாது, குளிர் வேறு.