வகுப்பு வரிசை எளிதிலிருந்து கடினத்துக்குப் போவதல்ல

கான்ஜி என்பது ஜப்பானிய மொழியில் பயன்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். "கான்ஜியை ஜப்பானியப் பள்ளியின் வகுப்பு வரிசைப்படிதான் படிக்கவேண்டும், அதுதான் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாகத் தொடங்குபவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

அந்த வரிசை, பேச்சு மொழியை வீட்டிலேயே கற்றுவிட்ட குழந்தைகளுக்கானது. முதல் வகுப்பின் 80 எழுத்துகளில் பூச்சியும் சிப்பியும் வந்துவிடுகின்றன. 'நான்' என்னும் 'வதாஷி' ஆறாம் வகுப்பில்தான் வருகிறது! நமக்கோ அது முதல் பாடத்திலேயே வேண்டும். எளிமைக் கணக்கும் பொருந்தவில்லை: கிழமைப் பெயர்களில் வரும் 'யோ' எழுத்துக்கு 18 கோடுகள், இரண்டாம் வகுப்பிலேயே இருக்கிறது. ஒரே கோடுள்ள 'ஒட்சு' தொடக்கப்பள்ளிப் பட்டியலிலேயே இல்லை.

எழுத்துக்குள் இருக்கும் உறுப்புகளைப் பிடித்துக்கொண்டு போவது நல்ல வழி. கோயிலைக் குறிக்கும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கம் சூரியனை வைத்தால் 'நேரம்', கையை வைத்தால் 'பிடித்திருத்தல்'. மூன்றுக்கும் 'ஜி' என்ற ஒலிப்பு உண்டு. வகுப்பு வரிசையில் போனால் இவை இரண்டு ஆண்டுகளில் சிதறிவிடும், உறவு கண்ணில் படாது.

அப்புறம், அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு பட்டியலிட்ட 2136 பொது எழுத்துகளையும் முடித்த பிறகே வாசிக்கலாம் என்பதும் சரியல்ல. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு மூன்று சொற்களோடு சேர்த்துப் படியுங்கள். ஒரே எழுத்துதான் 'கக்குசேய்' (மாணவர்) என்பதில் 'சேய்', 'இகிரு' (வாழ்தல்) என்பதில் 'இ', தனியாக நின்றால் 'நாமா' (சமைக்காதது). ஒலிப்புகளை மட்டும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் எது எங்கே வரும் என்று தெரியாது.

பள்ளி வரிசை யாருக்கு உதவும்? ஜப்பானில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, கூடவே படிக்கும் பெற்றோருக்கு.