கேட்கிறவன் முகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அக்கா பையன் ஆரம்பித்தான். "மாமா, நீ தூக்கி வெச்சினு ஆடுற டைரக்டருங்கோ எல்லாம் அவுட்டேட்டட். இப்போ போட்டா ஒரு படமும் தாங்காது." கையில் ஒரு கிலோ சங்கரா. நடுரோட்டில் நின்று பதில் சொன்னால் மீன் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அக்கா ஆய்ந்து குழம்பு வைத்து, சாப்பிட்டு முடித்து, சாயங்காலம் கேரம் போர்டு வரை சண்டை நீண்டது. அங்கே பாதியில் நின்றுபோனதை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்க நைனா தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆப்பரேட்டராக இருந்தவர். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலம். ஒரு ரீல் சுமார் இருபது நிமிஷம். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்து அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். மற்ற நேரத்தில் படத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. கார்பனைச் சரிசெய்வார், ரீல் சுற்றுவார், டீ குடிப்பார். ஒரு நாளைக்கு நாலு ஷோ, அம்பது நாள் ஓடினால் இருநூறு தடவை. நமக்கு முப்பது வருஷத்தில் பழசாகிற படம் அவருக்கு மூன்றே வாரத்தில் பழசாகிவிடும். அதற்குப் பிறகும் சில இடங்களில் மட்டும் செய்கிற வேலையை விட்டுவிட்டு, கேபின் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பார். லீவு நாளில் அங்கேயே கிடந்தவன் நான். எந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறார் என்பதைக் கவனிப்பதுதான் எனக்கு விளையாட்டு.

(இந்தச் சோதனையிலும் ஒரு ஓட்டை உண்டு. சில்க் ஸ்மிதா பாட்டு வந்தால் இருநூறாவது தடவையும் எட்டிப் பார்ப்பார். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

சண்டைக் காட்சிக்கும் பஞ்ச் வசனத்துக்கும் அவர் திரும்பினதே இல்லை. 'காதலிக்க நேரமில்லை' பழைய பிரிண்ட் வந்தது. 1964 படம், அதற்குள் எத்தனை ஊர் சுற்றியதோ, திரை பூரா கீறல் மழை பெய்தது. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி வந்ததும் நைனா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நாகேஷா நைனா?" என்று கேட்டேன். "அவன் ஸொல்றது மனப்பாடம்டா. பெர்சு மூஞ்சியப் பாரு." பாலையாவின் முகம். நாகேஷ் சொல்வதற்கு எவ்வளவு இடமோ, பாலையா கேட்பதற்கும் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் ஸ்ரீதர். பாலையா பயந்ததால்தான் நாம் சிரித்தோம்.

அக்கா பையனிடம் நான் வாதாடியதெல்லாம் இந்த ஒன்றைத்தான். திரையில் பேசுகிறவன் சீக்கிரம் பழசாகிவிடுவான். அவன் தமிழ் பழசாகும், சட்டைக் காலர் பழசாகும், சொல்கிற தத்துவம் மறு தீபாவளிக்குள் ஊசிப்போகும். கேட்டுக்கொண்டு நிற்கிறவன் முகம் அவ்வளவு லேசில் பழசாகாது. அந்த முகத்தின் மேல் அக்கறை இருக்கிற ஆள்தான் என் கணக்கில் பெரிய டைரக்டர். ஷாட் எப்படி வைத்தார், எத்தனை நாள் ஓடியது என்பதெல்லாம் அப்புறம்.

மகேந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். 'முள்ளும் மலரும்' (1978) கடைசியில் தங்கையைக் கட்டிக்கொடுக்கச் சம்மதித்த பிறகும், மாப்பிள்ளையாகப் போகிற இஞ்சினீயரைத் தனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வான் அண்ணன் காளி. வேறு யாராவது எடுத்திருந்தால் காளி திருந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மச்சானைக் கட்டிப் பிடித்திருப்பான். அடுத்த வருஷம் வந்த 'உதிரிப்பூக்கள்' இன்னும் கொடுமை. ஊரையே வதைத்த சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கச் சொல்லி ஜனம் நிற்கிறது. அவன் திரும்பி, உங்களையும் என்னை மாதிரியே ஆக்கிவிட்டேனே, நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிறான். இருநூறு தடவை பார்த்தாலும் எனக்கு மறக்காதது கரையில் நிற்கிற ஜனத்தின் முகம்தான். வில்லன் செத்தால் தியேட்டரில் கைதட்டுவது நம்ம வழக்கம். அங்கே கை எழாது.

இந்த இடத்தில் பையன் மடக்கினான். "அப்போ பாட்ஷா? ஃபுல்லா ஹீரோதான பேசறாரு. ரீ-ரிலீஸ்லகூட தியேட்டர் கிழிஞ்சிதே." நல்ல கேள்வி. கொஞ்ச நேரம் காயினை நகர்த்திக்கொண்டே யோசித்தேன். 1995 படம். எல்லாரும் மேற்கோள் காட்டுகிற வசனங்களைக் கழித்துப் பாருங்கள். தங்கைக்கு மெடிக்கல் சீட் வாங்கப் போகிற காட்சி மிஞ்சும். மாணிக்கம் உள்ளே என்ன பேசினான் என்று நமக்குக் கேட்காது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தங்கை நிற்கிறாள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் வெலவெலத்துப் போவது மட்டும் தெரியும். வெளியே வந்து உண்மையைச் சொன்னேன் என்கிறான், அவ்வளவுதான். ஹீரோ வாயை மூடிவிட்டுக் கேட்கிறவன் முகத்தைக் காட்டினார் சுரேஷ் கிருஷ்ணா. அந்தப் படத்தை நகல் எடுத்த முக்கால்வாசிப் பேர் வசனத்தைத்தான் எடுத்தார்கள், கண்ணாடியை விட்டுவிட்டார்கள்.

பாலச்சந்தர் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. அடிக்க வராதீர்கள். 'அரங்கேற்றம்' (1973) மாதிரி, குடும்பத்துக்காக உடம்பை விற்கிற பெண்ணின் கதையைத் தொட அன்றைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரியாமல் பேசவில்லை. ஆனால் அவர் படத்தில் கேட்கிறவனும் தன் முறைக்குக் காத்திருக்கிற மாதிரியே எனக்குப் படும். இவர் ஒரு வரி, உடனே அவர் ஒரு வரி. நைனா அவர் படத்துக்கு எட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. விஷயம் புதுசாகவே இருக்க, பேச்சு மட்டும் பழசாகிவிட்ட படங்கள் அவருடையவை என்பது என் அபிப்பிராயம். அம்மாவுக்கு இது பிடிக்காது. அவளுக்கு 'அவள் ஒரு தொடர்கதை' வேதம்.

பையனின் இன்னொரு கட்சி, அன்றைக்கு ஓடாத படம்தான் இன்றைக்குக் காவியம் என்பது. பாட்டே இல்லாத 'அந்த நாள்' (1954), 'அன்பே சிவம்' (2003), 'ஆரண்ய காண்டம்' (2011) என்று பட்டியல் போட்டான். மூன்றும் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஓடாத படமெல்லாம் காவியம் என்றால் நைனா மூணாவது நாளே பெட்டியில் போட்டு அனுப்பிய படங்களுக்கெல்லாம் சிலை வைக்க வேண்டும். எண்ணிக்கையை வைத்தும் அளக்க முடியாது. ருத்ரய்யா எடுத்ததே இரண்டு படம். 'அவள் அப்படித்தான்' ஒன்றுக்காகவே இன்னும் அவரைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம்ம ஏரியா விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உறைத்தது இங்கேதான். வடசென்னை என்றால் சினிமாவில் ரொம்ப காலம் இரண்டே வேலை. ஒன்று, ரவுடி ஒளிந்துகொள்கிற சந்து. இன்னொன்று, காமெடி. ஒருத்தன் "இன்னாபா, நாஸ்தா துன்னியா" என்பான், கேட்கிற கதாநாயகன் முகம் சுளிப்பான், தியேட்டர் சிரிக்கும். நாங்களும் சேர்ந்து சிரித்தோம், அதுதான் கேவலம். அந்தக் காட்சிகளை இன்றைக்குப் போட்டால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசுகிறவன் பாஷையில் ஒரு குறையும் இல்லை, கேட்கிறவன் முகம்தான் அழுகிப்போயிருக்கிறது.

'மெட்ராஸ்' (2014) பார்த்தபோது அந்த முகச் சுளிப்பு இல்லை. பேசுகிறவனும் நம்மாள், கேட்கிறவனும் நம்மாள். ஏரியாவில் கிறுக்கன் மாதிரி திரிகிற ஜானி கதைக்குத் தேவையா? அவனைத் தூக்கிவிட்டாலும், படத்தில் இரண்டு கட்சி அடித்துக்கொள்கிற சுவர் சுவராகத்தான் நிற்கும். ஆனால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிளாக்குக்கு ஒரு ஜானி உண்டு. யாரும் காதில் வாங்காத உண்மையைச் சொல்லிக்கொண்டு திரிவான். 'சார்பட்டா பரம்பரை' (2021) நேராக ஓடிடியில் வந்தது. நைனா வீட்டு டிவியில் பார்த்தார். குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிற ரங்கன் வாத்தியார் ரிங்குக்கு வெளியே நின்று பார்க்கிற இடங்களில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் பாதி தொய்வு, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்போது நைனாவும் சாய்ந்துகொண்டார்.

டிஜிட்டல் வந்ததும் நைனாவுக்கு வேலை போயிற்று. அகஸ்தியா தியேட்டரை 2020-ல் மூடினார்கள், பெரம்பூர் பிருந்தாவை 2025-ல். எட்டிப் பார்க்க ஓட்டையே மிச்சம் இல்லை.

ராத்திரி எட்டு மணிக்குப் பையன் செல்போனில் 'உதிரிப்பூக்கள்' தேடி எடுத்தான். பிரிண்ட் மங்கல். நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒண்ணரை மடங்கு வேகத்தில் ஓட்டினான். ஆத்தங்கரைக் காட்சியில் நைனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷினு ஸ்பீடா ஓடுது பாரு, கம்மி பண்ணு" என்றார். அவன் குறைத்தான். தாங்கியதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வஞ்சரம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.