நடந்து வரும் பிள்ளையை எண்ண ஒரு ஆள் இல்லையா?

இன்று காலை மணி 8.27. ஒரு கையில் மகளின் கை, இன்னொரு கையில் அவளுடைய தண்ணீர் பாட்டில். இடது பக்கம் மழைநீர் வடிகாலின் உடைந்த ஸ்லாப், உள்ளே கருப்பாகச் சாக்கடை. வலது பக்கம் வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கார். நடுவில் எங்களுக்கு மிஞ்சியது ஒன்றரை அடி. அவளை முன்னால் விட்டு நான் ஒருக்களித்து நடந்துகொண்டிருந்தபோது காரின் பின்கதவு படாரென்று திறந்தது. கதவின் முனை நேராக அவள் முகத்துக்கு வந்தது. எப்படிக் கையை நீட்டினேன் என்று தெரியவில்லை, புறங்கையில் பட்டு நின்றது. இதை எழுதும்போது கை வீங்கிப்போய் இருக்கிறது. என் கை அங்கே இல்லையென்றால் அடி விழுந்திருப்பது ஆறு வயதுக் குழந்தையின் கண்ணில்.

இறங்கிய பையன் அவள் வகுப்புதான். அவனைச் சொல்லி என்ன ஆகப் போகிறது, குழந்தை. வண்டியில் இருந்த அப்பா கண்ணாடியை இறக்கி, "ஒரு நிமிஷம்தானே மேடம், இறக்கி விட்டுட்டுப் போயிடறேன்" என்றார். தினமும் இதைத்தான் கேட்கிறேன். அவருக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்கும் ஒரு நிமிஷம்தான், அதற்குப் பின்னால் நிற்பவருக்கும் ஒரு நிமிஷம்தான். அத்தனை பேருடைய ஒரு நிமிஷத்தையும் சுமந்துகொண்டு சாக்கடை ஓரமாக நடப்பது எங்கள் பிள்ளைகள்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில். வீட்டிலிருந்து பள்ளிக்கு நானூறு மீட்டர்கூட இருக்காது. எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள சின்னப் பள்ளி. வேன் வேண்டாம், ஆட்டோ வேண்டாம், கையைப் பிடித்து நடந்து போய் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் அங்கே சேர்த்தோம். முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது. போகிற வழியில் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி பார்ப்பாள், தையல் கடை அக்காவுக்கு டாட்டா காட்டுவாள்.

அப்புறம் பள்ளியைப் பெரிதாக்கினார்கள். வகுப்புக்கு இரண்டு பிரிவாக இருந்தது நான்கு பிரிவாக ஆனது. புதிதாக மூன்று மாடிக் கட்டடம். அதை எங்கே கட்டினார்கள் என்பதுதான் விஷயம். பள்ளிக்குள் பக்கவாட்டில் ஒரு மண் மைதானம் இருந்தது. காலையில் வேன்கள் அதற்குள் போய்த்தான் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். பாதி மைதானத்தைக் கட்டடம் தின்றுவிட்டது. மீதி ஆசிரியர்களின் ஸ்கூட்டருக்கே போதவில்லை. வேன்கள் வெளியே வந்துவிட்டன. பிள்ளைகள் எண்ணிக்கை கூடிவிட்டது, உள்ளே இருந்த வண்டிகளும் தெருவுக்கு வந்துவிட்டன, தெரு மட்டும் அதே தெரு. இது தெரியாமலா திட்டம் போட்டார்கள்?

எங்கள் பகுதி 2011-இல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்கு முன்பு கிராமப் பஞ்சாயத்து. அந்தக் காலத்து மனைப்பிரிவில் போட்ட உள்தெருக்கள்தான் இவை. எங்கள் தெரு பத்திரத்தில் 24 அடி. தையல் கடை அக்காவிடம் டேப் வாங்கி நானே அளந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் வீட்டு வாசல் சாய்தளம், செடிக்குப் போட்ட வேலி, மின்வாரியப் பெட்டி எல்லாம் போக நிஜத்தில் இருப்பது 17 அடி. ஒரு கார் ஆறடி அகலம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கார் நின்றால் நடுவில் மீதி ஐந்து அடி. பள்ளி வேன் அந்த ஐந்து அடியில் எப்படி நுழையும்? நுழையாது. ஹாரன் அடிக்கும், ரிவர்ஸ் எடுக்கும். ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்குப் பின்னால் மூன்றடி உயரத்தில் ஒரு குழந்தை பையை மாட்டிக்கொண்டு நிற்கும்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுச் சாய்தளமும் தெருவில் இரண்டரை அடி நீட்டிக்கொண்டுதான் இருந்தது. போன மாதம் இடித்து கேட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டினோம். பக்கத்து வீடுகளில் போய்க் கேட்டேன். "நாங்க இடிச்சா அந்த இடத்துலயும் ஒருத்தன் காரைக் கொண்டுவந்து நிறுத்துவான்" என்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் எங்கள் வாசலில் அதுதான் நடக்கிறது.

இதில் மெட்ரோ வேலை வேறு. மெயின் ரோட்டில் தூணும் தடுப்பும் வந்த நாளிலிருந்து கீழ்க்கட்டளைக்கும் வேளச்சேரிக்கும் போகிறவர்களுக்கு எங்கள் உள்தெருக்கள்தான் குறுக்குவழி. தண்ணீர் லாரிகூட அந்த நேரத்தில்தான் வரும்.

சரி, பள்ளியிடம் பேசலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "டிராஃபிக் ஸ்டடி எல்லாம் பண்ணியாச்சும்மா, இங்க ஒரு பிரச்சினையும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு" என்றார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். வண்டிகளை எண்ணிய அட்டவணை. தேதியைப் பார்த்தேன். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு நாள். நேரத்தைப் பார்த்தேன். காலை 11 முதல் 12 வரை.

வயிறு எரிந்தது எனக்கு. பள்ளியே இல்லாத நாளில், பிள்ளைகள் வருவதும் போவதும் இல்லாத நேரத்தில் தெருவில் நின்று எண்ணிவிட்டு, பள்ளியால் பிரச்சினை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணியவருக்குத் தெருவில் ஒரு யூனிஃபார்ம்கூடக் கண்ணில் படவில்லையே என்று தோன்றியிருக்காதா? அட்டவணையில் கார் இருக்கிறது, இருசக்கர வண்டி இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, லாரி இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில் எடுத்த கணக்கில் நடக்கும் பிள்ளைக்கு இடமே இல்லை!

அதனால் நாங்களே எண்ணினோம். தையல் கடை அக்கா, எதிர் வீட்டு மாமா, நான். மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நேரக் கணக்கில் கறார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.45 வரை கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தோம். நான்கு கோடு நட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தால் ஐந்து. கார் 31. இருசக்கர வண்டி 118. ஆட்டோ 14. வேன் 9. சைக்கிள் 7. நடந்து வந்த பிள்ளைகள் 143. எல்லாவற்றையும் விடப் பெரிய எண் நடந்து வந்தவர்கள்தான். அவர்களைத்தான் அந்த ரிப்போர்ட் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் அந்த நோட்டில் தெரிந்தது. 8.20-க்கும் 8.35-க்கும் நடுவில்தான் முக்கால்வாசிப் பேர் வந்து விழுந்தார்கள். பள்ளிக்கூடத்து நெரிசல் அப்படித்தான், பதினைந்து நிமிஷத்தில் கொட்டும், அப்புறம் காலி. அதை ஒரு மணி நேரத்துக்குப் பரப்பிச் சராசரி போட்டால் எந்தத் தெருவும் நல்ல தெருதான். கார்கள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று மாமா வாட்ச்சைப் பார்த்துக் குறித்தார். மிகக் குறைவாக நின்றது 40 விநாடி. மிக அதிகம் ஆறு நிமிஷம், டீச்சரிடம் பேச உள்ளே போனவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். வாசலை ஒட்டி நிற்க இடம் இருப்பது ஐந்து காருக்கு.

சாயங்காலம் இதைவிட மோசம். காலையிலாவது இறக்கிவிட்டுக் கிளம்புகிறார்கள். 3.15-க்கு விடும் பள்ளிக்கு 2.45-க்கே கார் வந்து நிழல் பார்த்து நின்றுவிடுகிறது. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரை மணி நேரம் தெருவின் ஓரம் முழுக்க அவர்களுக்கு. நடந்து வரும் தாத்தா பாட்டிகள் நடுத்தெருவில் வெயிலில். வாட்ச்மேன் அண்ணா விசிலை ஊதிப் பார்க்கிறார், யாரும் அசைவதில்லை. "நான் என்னம்மா பண்றது, எங்கிட்டயே சண்டைக்கு வர்றாங்க" என்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் உயிரை ஒரு விசிலை நம்பி விட்டது யார் என்று தெரியும்.

சட்டம் இல்லையா, இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு 2010-இல் மத்திய அரசு போட்ட விதிகளில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான பள்ளி, நடந்து போகும் தூரமான ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குழந்தை நடந்து வரும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது, நடக்க வழிதான் இல்லை. நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று, சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-லேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை அடி, அதாவது அரை மீட்டர்கூட இல்லை. 2014-இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாக மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. 2018-க்குள் 80 சதவீதச் சாலைகளில் நடைபாதை என்பது அதில் இருந்த இலக்கு. எங்கள் பக்கம் வந்து ஒரு தெருவில் காட்டுங்கள் பார்ப்போம். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. வாழும் உரிமை! என் மகள் அதை உடைந்த ஸ்லாப் மேல் தாண்டித் தாண்டித் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நம் ஊரில் ஒரு பிள்ளை செத்த பிறகுதான் ஒரு விதி வருகிறது, அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள், அதற்கப்புறம்தான் கீற்றுக் கூரையும் மாடிப்படியின் அகலமும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது, அதே வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் ஆழ்வார்திருநகரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் இறந்தான், அதற்கப்புறம் வண்டிகளில் கேமராவும் சென்சாரும் கட்டாயம் என்றார்கள். கூரைக்கு விதி வந்தாயிற்று, பேருந்துக்கு விதி வந்தாயிற்று. பள்ளி வாசலிலிருந்து வெளியே இருக்கும் நானூறு மீட்டர் தெருவுக்கு வர யாருடைய பிள்ளை சாகவேண்டும்?

காலை 8.30-க்கு எங்கள் தெருவுக்குள் தீயணைப்பு வண்டி வர முடியாது, 108 வர முடியாது. போன மாதம் கோடி வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்து ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டு முனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே ஓடினார்கள். பாட்டி பிழைத்துவிட்டார். அந்தக் கார்களில் இருந்தவர்களும் பார்த்தார்கள், மறுநாள் அதே இடத்தில் வந்து நின்றார்கள்.

இத்தனைக்கும் கார்களில் வருகிறவர்களில் எட்டு வீடு எனக்குத் தெரிந்தே அடுத்தடுத்த தெருக்கள்தான். ஏன் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "இந்தக் கூட்டத்துல எப்படிங்க குழந்தையை நடத்திக் கூட்டிட்டு வர்றது, பயமா இருக்கு" என்றார். பயந்துபோய் அவர் கார் எடுக்கிறார், அந்தக் காரால் இன்னும் இரண்டு அம்மாக்கள் பயந்து ஸ்கூட்டி எடுக்கிறார்கள். இப்படியே போனால் அந்த 143 அடுத்த வருஷம் நூறு ஆகும், கார் 31 ஐம்பது ஆகும். அப்போது வந்து எண்ணிவிட்டு, இங்கே யாரும் நடப்பதில்லை, பார்க்கிங்தான் வேண்டும் என்று எழுதுவார்கள்.

நாங்கள் மேம்பாலமா கேட்கிறோம்? பள்ளியின் பின்பக்கம் ஒரு கேட் இருக்கிறது. அது திறப்பது நிஜமாகவே முப்பது அடி இருக்கும் தெருவில். வருஷக்கணக்காகப் பூட்டு. அதைத் திறந்தால் இன்னொரு வாட்ச்மேன் போடவேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான் காரணம். மூன்று மாடி கட்டக் காசு இருந்தது, ஒரு ஆள் சம்பளத்துக்கு இல்லையா? வேன்களை அந்தப் பக்கம் விடுங்கள். எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளுக்கு இருபது நிமிஷம் தள்ளி மணி அடியுங்கள். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி மட்டும் முன்பக்கத் தெருவுக்குள் கார் வேண்டாம். கோயில் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்திவிட்டு இருநூறு மீட்டர் பிள்ளையோடு நடந்து வரட்டும். உடைந்த ஸ்லாப்புகளை மாநகராட்சி மாற்றட்டும், நான் எண்ணி வைத்திருக்கிறேன், பதினொன்று.

நோட்டின் நகலையும் தெரு அளவையும் ஸ்லாப் படங்களையும் சேர்த்துப் பள்ளியிலும் வார்டு அலுவலகத்திலும் போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் கொடுத்திருக்கிறோம். அறுபத்திரண்டு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்பது பேர் காரில் வருகிறவர்கள். மூன்று இடத்திலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட்டோம். மறுபடி கணக்கெடுக்க வேண்டும் என்றுதான் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறோம். வரட்டும். பள்ளி நடக்கும் நாளில், திங்கட்கிழமை காலை 8 மணிக்கு. தையல் கடை வாசலில் ஸ்டூல் போட்டுவைக்கிறோம்.