ஒரே வீட்டுக்காரர்களைத் துண்டு துண்டாக நினைவில் வைத்திருக்கிறோம்

சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) சேர்ந்திருக்கும் படத்தைச் சபாக்களிலும் பாட்டு டீச்சர் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். நமக்குப் பழகிப்போன அந்த முகங்களை வரைந்தவர் எஸ். ராஜம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், அஜந்தா, சித்தன்னவாசல் சுவரோவியங்களில் மனம் தோய்ந்தவர். அவரே பெரிய பாடகரும்கூட. கச்சேரிகளில் பலர் தொடத் தயங்கிய விவாதி ராகங்களையும் (ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்கள் கொண்டவை) பாடலாசிரியர் கோடீஸ்வர ஐயரின் மேளகர்த்தா (தாய் ராக) கிருதிகளையும் விடாமல் பாடி நிலைநிறுத்தினார்.

ராஜத்தின் தம்பிதான் வீணை எஸ். பாலசந்தர். இந்த ஒரு வரியைச் சொன்னால் இன்றைக்கும் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். பாட்டு ரசிகருக்கு ஒரு ராஜம், ஓவியம் பார்ப்பவருக்கு வேறொரு ராஜம். வீணை கேட்பவருக்கு ஒரு பாலசந்தர், அவர் இயக்கிய 'அந்த நாள்' படம் பார்த்தவருக்கு இன்னொரு பாலசந்தர். யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

1934-இல் பிரபாத் நிறுவனம் எடுத்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம்தான் ராமர். சீதை அவருடைய சொந்தத் தங்கை ஜெயலட்சுமி. அண்ணன் தங்கையை இப்படி நடிக்க வைக்கலாமா என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. ஜனகராக வந்தவர் அவர்களின் அப்பா சுந்தரம் ஐயர், தொழிலில் வக்கீல். ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சின்னப் பையன் பாலசந்தர். பாபநாசம் சிவன் இசையமைப்பாளராக சினிமாவுக்குள் வந்ததும் இந்தப் படத்தில்தான்.

"ரத்தத்திலேயே கலை ஓடுது" என்று இதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மயிலாப்பூரில் வக்கீல் வருமானம் உள்ள குடும்பம், சிவன் மாதிரியான வித்வான்களின் நெருக்கம், தானும் வேஷம் கட்டிக்கொண்டு கேமரா முன் நிற்கத் துணிந்த அப்பா: இவ்வளவும் அமைந்தது. வசதியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் வசதி இருந்த எத்தனையோ வீடுகளில் "முதல்ல ஒன்றை உருப்படியாகச் செய்" என்று பையனின் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கியிருக்கிறார்கள். இங்கே யாரும் பிடுங்கவில்லை.

பாலசந்தர் குரு யாரிடமும் போகாமல் வீணையைத் தானாகவே கற்றவர். அவர் 1954-இல் ஏவி.எம்.முக்கு இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. பாட்டுக்காகவே மக்கள் தியேட்டருக்குப் போன காலம் அது! அதைச் செய்யும் தைரியம் ஒரு சங்கீதக்காரருக்குத்தான் வரும் என்பது என் கட்சி. எங்கே சத்தம் வேண்டும், எங்கே வேண்டாம் என்ற கணக்கு அவர் காதில் இருந்தது. அப்புறம் அவரே 1964-இல் 'பொம்மை'யை இயக்கி, இசையமைத்து, யேசுதாஸைத் தமிழில் பாட வைத்தார். வீணைக்கும் சினிமாவுக்கும் தனித்தனி மூளையா வைத்திருந்திருப்பார்?

ஜெயலட்சுமியைப் பற்றி இவ்வளவு எழுத முடியவில்லையே என்பது என்னை உறுத்துகிறது. 1943-இல் 'சிவகவி' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு ஜோடியாக நடித்தவர். அண்ணனுக்கும் தம்பிக்கும் கட்டுரைகளும் நினைவு நிகழ்ச்சிகளும் உண்டு. அவர் பெயரோ பெரும்பாலும் "ராஜத்தின் தங்கை" என்ற அடைப்புக்குறிக்குள் முடிந்துவிடுகிறது.

சென்னையில் டிசம்பர் மாதம் அத்தனை சபாக்களும் களைகட்டுகின்றன. அதில் ஒரு சபாவாவது ராஜத்தின் ஓவியங்களைச் சுவரில் மாட்டி, அவர் பாடிய விவாதி ராகங்களை ஒலிக்கவிட்டு, மாலையில் 'அந்த நாள்' திரையிட்டு, 'சிவகவி'யிலிருந்து ஜெயலட்சுமியின் காட்சிகளையும் காட்டட்டும். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.