அது கள்ளு இல்லை, அக்கானி

நாலு நாளாக எல்லார் போனிலும் சுற்றுகிற அந்த நாற்பது விநாடி வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தக் கடை, யார் எடுத்தது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு டம்ளரில் கலங்கலாக ஒன்றை ஊற்றுகிறார்கள், மேலே நுரை நிற்கிறது, "குடும்பத்தோட சாப்பிடுற கடையில பட்டப்பகல்ல கள்ளு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஊற்றினவரிடம் இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

அது அக்கானி. வெளியூர்க்காரர்களுக்குப் பதநீர் என்றால் புரியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல், திங்கள்சந்தைப் பக்கம் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அக்கானிக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க ஒரு பதிவு எழுத வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, தெரியாதவர்களுக்காகவே சொல்கிறேன். இரண்டும் ஒரே பனை, ஒரே பாளை, அதாவது பனையின் பூங்குலை. பாளையை இடுக்கி மாதிரியான கடிப்பு வைத்து நெரித்து, நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார் பனையேறி. தினமும் காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். விட்டால் சீவின வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் சொட்டாது. இது வரைக்கும் அக்கானிக்கும் கள்ளுக்கும் ஒரே வேலைதான். வித்தியாசம் கலயத்துக்குள்ளே இருக்கிறது. சுண்ணாம்பு. கலயத்தைக் கழுவி, சுண்ணாம்பைக் குழைத்து, உள்சுவர் முழுக்க வெள்ளை பிடிக்கிற மாதிரி தடவிக் கட்டினால் இறங்குவது அக்கானி. தடவாமல் கட்டினால் கள்ளு.

காரணம் சின்னதுதான். பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கும். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றும். முதல் சொட்டு விழுந்ததுமே அந்த வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுகிற நேரத்துக்குள் நாலைந்து சதவீதம் போதை வந்துவிடும். சுண்ணாம்பு இருந்தால் சாறு காரத்தன்மைக்குப் போய்விடும், ஈஸ்ட் தலைதூக்க முடியாது. இவ்வளவுதான் சங்கதி. இதற்கு லேபும் வேண்டாம், போலீசும் வேண்டாம். டம்ளரை மேசையில் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தாலே போதும். அக்கானி என்றால் சுண்ணாம்பு அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும். கள்ளு தெளியவே தெளியாது, பால் மாதிரியே நிற்கும், அடியிலிருந்து பொடிக் குமிழ் வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கடையில் அக்கானி ஊற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கலயத்தைச் சரித்து வெள்ளைத்துணியில் வடிகட்டுவார்கள். கடைசிப் பங்கை ஊற்றவே மாட்டார்கள். அடியில் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு மண்டி தங்கியிருக்கும், அதைப் பாத்திரத்தோடு அப்படியே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அந்த மண்டியைப் பார்த்த பிறகும் ஒருவர் கள்ளு என்று சொல்வாரா? வீடியோவில் அந்தப் பாத்திரமும் ஓரத்தில் தெரிகிறது. கேமரா அதைத் தாண்டிப் போய்விட்டது.

"அப்போ நுரை?" என்று கேட்கிறார்கள். பனஞ்சாற்றை உயரத்திலிருந்து ஊற்றினால் நுரைக்கத்தான் செய்யும். கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டில் கேளுங்கள். கொப்பரை பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள். நுரையை வைத்துக் கள்ளு என்று முடிவுகட்டினால் நம்ம ஊரில் கருப்பட்டி காய்ச்சுகிற ஒவ்வொரு அடுப்பும் கள்ளுக்கடைதான்.

"எனக்குப் புளிச்சுதே" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். இதை நான் தள்ளிவிட மாட்டேன். புளித்திருக்கலாம். சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும். இரவில் மழை பெய்து பாளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் புளிக்கும். கலயத்தைச் சரியாகக் கழுவாவிட்டாலும், காலை அக்கானியை ஐஸ் இல்லாமல் மதியம் வரை வைத்தாலும் புளிக்கும். சுண்ணாம்பு கூடிப்போனால் வேறு தொல்லை, தொண்டையைக் காறும். புளித்ததை ஊற்றிக் கொடுத்திருந்தால் அது கடையின் பிழை. பாத்திரத்தோடு கொட்டியிருக்க வேண்டும். அதைச் சொல்லுங்கள், நானும் கூட நின்று சொல்கிறேன். ஆனால் பால் திரிந்துவிட்டது என்று புகார் சொல்வதும், பால்காரர் விஷம் விற்கிறார் என்று ஊரைக் கூட்டுவதும் ஒன்றா?

இன்னொரு கூட்டம் கடைக்காக வாதாட வந்திருக்கிறது. "கள்ளுன்னாதான் என்ன தப்பு, களியக்காவிளை தாண்டினா ஷாப்புல குடும்பத்தோட உட்கார்ந்து குடிக்கிறாங்க" என்கிறார்கள். தயவுசெய்து இந்த உதவி வேண்டாம். கேரளாவில் உரிமத்தோடு கள்ளு ஷாப்பு உண்டு, இங்கே தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. அந்தத் தடை சரியா தப்பா என்று தனியாகப் பேசலாம், எனக்கும் கருத்து உண்டு. ஆனால் இந்தப் பதிவில் வந்து "கள்ளு நல்லதுதான்" என்று நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும், அங்கே ஊற்றினது கள்ளுதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. ஊற்றினது அக்கானி. அதை மறக்க வேண்டாம்.

அப்புறம் விலை. வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் கள்ளை விட்டுவிட்டு அதைத்தான் பிடித்திருக்கிறார்கள். "சனி ஞாயிறு மட்டும் ரோட்டோரம் போட்டுட்டிருந்தப்ப நல்லா இருந்துச்சு, கடை எடுத்ததும் தலைக்கனம் வந்துடுச்சு." இதை எழுதினவர்கள் ஒருநாளாவது அடுப்புக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்களா?

மூடிக்கிடந்த ஒரு கடையின் வாசலில் தார்ப்பாய் கட்டி, நாலு மேசை போட்டு, வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் மட்டும் அவர்கள் தொடங்கினது ஊருக்கே தெரியும். வியாழக்கிழமை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் என்ன சமையல் என்று போடுவார்கள். வெள்ளி இரவுக்குள் சொன்னவர்களுக்கு மட்டும் சாப்பாடு. நாற்பது பேர் சொன்னால் நாற்பது பேருக்கு மீன். மிச்சமும் இல்லை, வாடகையும் இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டு ஆட்களே சமைத்து, வீட்டு ஆட்களே பரிமாறினார்கள். அந்த விலை அப்படித்தான் கட்டுப்படியானது.

இன்றைக்கு வாரத்தில் ஆறு நாள். யார் வருவார்கள் என்று தெரியாமலே காலையில் மீன் வாங்க வேண்டும். நெத்திலி அவியல் அவர்களுடைய பேர்போன கறி. ஒரு கிலோ நெத்திலியைத் தலை கிள்ளி, குடல் எடுத்துக் கழுவினால் முக்கால் கிலோ தேறுவதே கஷ்டம். தேங்காய், சீரகம், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) அரைத்து, மாங்காய் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைச் சுழற்றி இறக்க வேண்டும். கரண்டி பட்டால் மீன் கரைந்துவிடும், அதனால் மொத்தமாக ஒரு அண்டாவில் வைக்க முடியாது, சின்னச் சின்னச் சட்டியாகத்தான் வைக்க முடியும். இரவில் மிஞ்சினால் மறுநாளைக்கு ஆகாது. மரச்சீனிக் கிழங்கும், அதாவது மரவள்ளியும், அப்படித்தான். முதல் கொதித் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றி வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசப்பு நிற்கும், வயிற்றுக்கும் ஆகாது. இரண்டு தடவை கொதிக்க வைக்கிற கேஸ் யார் கணக்கு? ரோட்டோரத்தில் இருந்தபோது வீட்டு அடுப்பில் வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். இப்போது 19 கிலோ வணிக சிலிண்டர், கடை மின்சார ரேட், மழையில் ஒருத்தரும் வராத நாளுக்கும் இரண்டு பெண்களுக்குக் கூலி. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். அந்த இரண்டு மாதம் குளச்சலில் மீன் என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

"நீ என்ன, கடைக்காரன் சொந்தமா?" என்று கேட்பீர்கள். இல்லை. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன். கிழங்கு ஒருநாள் உப்புக் குறைவாக இருந்தபோது முகத்துக்கு நேரே சொன்னவன்தான். "விளம்பரத்துக்கு எவ்வளவு வாங்கினே" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை.

கடைக்கு நஷ்டம் என்றால் கூட எப்படியாவது எழுந்துவிடுவார்கள். இந்த வீடியோ போய் இடித்தது பனையேறியை. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று வருஷத்தில் நாலு மாதம்தான் அந்த மனிதருக்கு வருமானம். மழை வந்தால் முடிந்தது. நெஞ்சு தோல் உரிய ஏறி இறங்கி, எட்டுப் பத்து லிட்டர் அக்கானியைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். அதற்கு விறகு வேண்டும், வீட்டுப் பெண் நாள் முழுக்க அடுப்புப் புகையில் நிற்க வேண்டும். கொண்டுபோய் விற்கப் போனால் சீனி கலந்த கருப்பட்டியோடு விலையில் போட்டி போட வேண்டும். காய்ச்சாமல் அக்கானியாகவே நியாய விலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு கடை அமைந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டில் போய்க் கேட்க வேண்டும். பனை ஏறுகிறவர் எல்லாம் கள்ளுதான் இறக்குகிறார் என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர்களுடைய பிள்ளைகள் யாரும் பனைப்பக்கமே போகவில்லை. எல்லாம் தெரிந்தும் அதே பேச்சை இன்றைக்குப் போனில் பதிவு பண்ணி ஊரெல்லாம் அனுப்புகிறோம்.

வீடியோ எடுத்த தம்பி, உன் பெயரை நான் எங்கேயும் போடவில்லை, போடவும் மாட்டேன். நேரில் வா. காலை ஏழு மணிக்குக் கலயம் இறங்குகிற இடத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். கலயத்துக்குள் கையை விட்டுப் பார். விரலில் வெள்ளை ஒட்டும்.

ஆனால் இப்போதைக்கு அந்தக் கடையில் அக்கானி கிடைக்காது. வீடியோ வந்த மறுநாள் அக்கானி கொடுக்கிற அந்தப் பனையேறிப் பெரியவர் கடைக்குப் போன் பண்ணியிருக்கிறார். "எதுக்கு மக்கா வம்பு, நான் காய்ச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாராம். மூன்று நாளாக இறங்குகிற அக்கானி முழுக்கக் கொப்பரைக்குத்தான் போகிறது. நேற்றுச் சாயங்காலம் கடைக்குப் போனேன். "இன்று அக்கானி உண்டு" என்று சாக்பீஸில் எழுதி வைத்திருந்த பலகையைக் காணோம். வடிகட்டுகிற துணியை மடித்து, கழுவின பாத்திரத்தின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.