கப்பல்காரர்களே, அந்த ஊரையும் கொஞ்சம் பார்க்க விடுங்கள்!

நார்வேயின் வடகோடியில், மாகெரோயா தீவில் ஹோனிங்ஸ்வோக் என்று ஒரு மீன்பிடி ஊர். இருப்பதே 2,000 சொச்சம் பேர், எங்கள் கப்பலில் வந்த கூட்டம் அதைவிட அதிகம். இத்தனை பேரையும் இறக்கி, இறங்கிய காலோடு பேருந்தில் அடைத்து 34 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நார்ட்காப் முனைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கப்பல் கட்டணத்துக்கு மேல் இதற்குத் தனியாக வேறு கறந்துவிடுகிறார்கள். கேட்டால் "ஐரோப்பாவின் வடமுனை" என்கிறார்கள்.

அதுவாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. பக்கத்திலேயே க்னிவ்ஷெல்லோடன் என்ற தாழ்ந்த பாறை இதைவிட வடக்கே நீண்டு கிடக்கிறது. ஆனால் அங்கே போக ஒரு வழிக்கே 9 கிலோமீட்டர் நடக்க வேண்டும், பேருந்து போகாது, டிக்கெட் கிழிக்க முடியாது, அப்புறம் வழிகாட்டி எதற்கு வாயைத் திறக்கப் போகிறார்? (தீவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் முனை கின்னாரோடன், அது வேறு இடம்.)

சரி, போனோம். 307 மீட்டர் உயரத்திலிருந்து கடல் தெரியுமாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூடுபனி. 1978இல் வைத்த அந்த இரும்பு உலக உருண்டையே பாதிதான் தெரிந்தது, அதற்கு முன்னால் படமெடுக்க ஒரு வரிசை, அதில் ஓர் அம்மணி தொப்பியோடு ஒன்று, தொப்பியில்லாமல் ஒன்று, கணவரோடு ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருக்கிறார், பின்னால் நாங்கள் காற்றில் பல்லடித்துக்கொண்டு நிற்கிறோம்.

துறைமுகத்துக்குத் திரும்பினால் உடனே கப்பலேறச் சொல்லி அறிவிப்பு. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை கொளுத்திய ஊர் அது. தப்பியது 1885இல் கட்டிய வெள்ளைத் தேவாலயம் ஒன்றுதான், திரும்பி வந்த சனங்கள் அதற்குள்தான் முதலில் குடியிருந்தார்கள். கரையிலிருந்து நடந்தே போய்விடலாம். எங்களுக்கு அது பேருந்து ஜன்னலில் ஒரு நொடி வந்து போனது, அவ்வளவுதான்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொல்கிறார், "அங்கே பார்க்க ஒன்றுமே இல்லையே சார்." வயிறு எரிந்தது. இறங்கி நடந்தால்தானே ஐயா தெரியும்!

இருட்டிவிடும் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை, மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் மறைவதே கிடையாது. அப்படியென்ன அவசரம்? கப்பல் கரையில் நிற்கும்வரை உள்ளே சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடையும் மூடிக்கிடக்கும், கல்லா நிரம்பாது. அந்த அவசரம்தான்.